சமைத்தவள் உண்டாளா?

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகள் உயிர்பெற்று எழும் நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி அவள். வீட்டினர் அழுது புலம்பிக்கொண்டிருக்கையில் ஆண்டவர் உள்ளே சென்று அவளது கையைப் பிடித்து எழுப்புகிறார். அவள் எழுந்து நடக்கிறாள். கண்டோர் மலைத்துப் போகின்றனர். நம் மறையுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறைவுறுகின்றன. ஆனால் நற்செய்தியாளர் இன்னும் ஒரு செய்தியைச் சொல்லிய பிறகே அந்த அதிகாரத்தை முடிக்கிறார். அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் பணித்தார் என்பதே அச்செய்தி.

குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாள்களில், அவள் மெய்யாகவே உயிருடன் இருக்கிறாள் என்பதற்குச் சான்றாகவே அவ்வுணவைக் கருத வேண்டும் என்று விளக்கவுரைகளில் கண்டோம். அவ்விளக்கம் சரியானதே. எனினும் அந்தக் கடைசி வரியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வாழ்வின் சட்டமாகக் கொண்டிருந்த ஒரு பெண்மணியை நெல்லைச் சீமையின் சிறு நகரம் ஒன்றில் நாம் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய காலத்தில் சந்தித்தோம். அவர் இறையியல் படித்தவரல்லர். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் கற்பித்தவர். தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார். ஊரார் அவரை ‘டீச்சரம்மா’ என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். தம்மைப் பற்றி எவரும் எழுதுவதை விரும்பாதவர் என்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடாமல் விடுகிறோம். அவர் கற்பித்ததை எழுதுவதற்கு அவர் தடை சொல்லியிருக்க மாட்டார்.

டீச்சரம்மாவின் தந்தை உபதேசியார். ஐந்தாறு சிற்றூர்களுக்குக் கால்நடையாகச் சென்று செபம் சொல்லிக்கொடுத்து, பங்குத்தந்தை வர இயலாத நாள்களில் ஞாயிறு வழிபாட்டையும் அடக்கச் சடங்கையும் நடத்திய அந்தத் தலைமுறை உபதேசியார்களின் ஊதியம் எவ்வளவு என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். வருகிற விருந்தினரோ கணக்கில் அடங்கார். தந்தைக்கும் விருந்தினருக்கும் முதலில், ஆண் பிள்ளைகளுக்கு அடுத்து, பெண் பிள்ளைகளுக்குப் பின்பு என்று பரிமாறிவிட்டு, பானையில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிப்பது தாயின் வழக்கம். ஆறாவது பேறுகாலத்தில் அத்தாய் இறந்தார். உடம்பில் இரத்தமே இல்லை என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்களாம். அப்போது மூத்த மகளுக்கு வயது பன்னிரண்டு. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டுக்குச் சற்று முந்திய காலம் அது. அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும், ‘தான் உண்ணாமல் பிறருக்கு ஊட்டிய புண்ணியவதி’ என்று போற்றினார்கள். ‘அன்றைக்கு எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை சாமி, எங்க அம்மா உண்ணலைங்கிறது இத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்ததே’ என்று டீச்சரம்மா தம் எண்பத்தைந்தாம் வயதில் நம்மிடம் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

தம்பி தங்கையரை வளர்த்துக்கொண்டே படித்தார். அருட்சகோதரிகள் அவரது ஆர்வத்தைக் கண்டு ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1950களின் நடுவில் அவர் பணியில் சேர்ந்தபோது மனையியல் என்பது நம் நாட்டுக்கு ஓரளவு புதிய பாடம். தில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932இல் தோன்றியிருந்தது. கோவையில் அவினாசிலிங்கம் அவர்கள் நிறுவிய மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கப்பட்டு, இராஜம்மாள் தேவதாஸ் அம்மையாரின் தலைமையில் புகழ்பெற்றது. ஊரில் மட்டும் அப்பாடத்திற்கு மதிப்பில்லை. ‘சோறாக்கப் பள்ளிக்கூடமா?’ என்று கேலி செய்தார்கள். பிற்காலத்தில் வேறொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. பெண்ணை அடுப்படியிலேயே கட்டிப்போடும் பாடம் இது என்று படித்தவர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே விடையைத்தான் வைத்திருந்தார். ஒரு வீட்டில் எவருக்கு எவ்வளவு என்பது அடுப்படியில்தான் முடிவாகிறது; ஆகவே அங்கே அறிவு வேண்டும், கணக்கும் வேண்டும் என்பார்.

கணக்கு என்பதை அவர் அணியாகச் சொல்லவில்லை. அவரது வகுப்பறையில் தராசு ஒன்று இருந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து, ஆழாக்கும் உழக்கும் படியும் விலகி, கிராமும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்த காலத்தில் ஊர்ப் பெண்கள் தடுமாறிப்போனார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பழகிய கைக்கு, கடைக்காரர் எடைக்கல்லை மாற்றியதும் ஏமாற்றப்படுகிறோமோ என்ற அச்சம் உண்டாயிற்று. டீச்சரம்மா ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் தராசை வைத்துக்கொண்டு, ஒரு படி அரிசியை அளந்து எடைபோட்டுக் காட்டினார் என்று மூத்த பங்குமக்கள் இன்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அரிசியைப் பலமுறை கழுவினாலும் கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் பி வகைச் சத்துகள் வெளியேறிவிடும் என்பதையும், நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குவதால் புழுங்கல் அரிசி நல்லது என்பதையும் அவர் முதல் பாடமாக வைப்பார். குன்னூரில் 1918ஆம் ஆண்டு மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது என்று பெருமையோடு சொல்வார். அந்நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலுக்குக் காக்கி அட்டை போட்டு, செபப் புத்தகத்துக்கு அருகில் வைத்திருந்தார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவே என்பதை மாணவியர் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும் என்பார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம் பாட்டிமார் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்து என்பார். அந்தப் பாட்டிமார் தங்களுக்கென்று அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியையும் உடனே சேர்த்துக்கொள்வார்.

அவரது பாடத்தின் உயிர்நிலை ஒரு குறிப்பேட்டில் இருந்தது. ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் ஒரு வாரம் யார் யார் என்ன உண்டார்கள், எவ்வளவு உண்டார்கள் என்று கட்டம் போட்டு எழுதிவர வேண்டும். அப்பாவுக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு ஒரு கட்டம், தனக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு ஒரு கட்டம். மற்றக் கட்டங்களெல்லாம் நிரம்பியிருக்கும். அம்மாவின் கட்டத்தில் பல பிள்ளைகள் ‘மீதி’ என்று எழுதி வருவார்கள். டீச்சரம்மா சிவப்பு மையால் அதைச் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். ‘மீதி என்பது எந்த உணவின் பெயர்? எவ்வளவு எடை? பார்த்து எழுதிக்கொண்டு வா’ என்பார். பார்ப்பதற்காக அப்பிள்ளைகள் முதன்முறையாகத் தாய் உண்ணும் வேளையில் பக்கத்தில் அமர்ந்தார்கள். சிலர் அழுதுகொண்டே குறிப்பேட்டைக் கொண்டுவந்தார்கள் என்று அவரிடம் படித்து இன்று பாட்டியாகிவிட்ட ஓர் அம்மையார் நம்மிடம் கூறினார்.

இது எல்லாருக்கும் பிடித்திருக்கும் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ‘எங்க வீட்டு அடுப்புல என்ன கிடக்குன்னு பள்ளிக்கூடத்துல எதுக்கு எழுதணும்?’ என்று தகப்பனார் ஒருவர் குறிப்பேட்டோடு வந்து சத்தமிட்டிருக்கிறார். டீச்சரம்மா அவரை அமரச் சொல்லி, அவருடைய மகளின் கண்ணிமையைக் கீழே இழுத்து, உட்புறம் வெளுத்திருப்பதைக் காட்டினார். ‘உங்களைக் குற்றம் சொல்ல எழுதச் சொல்லலை அண்ணாச்சி, நாளைக்கு இந்தப் பிள்ளை பெத்துப் பிழைக்கணும்னு எழுதச் சொன்னேன்’ என்றார். அத்தகப்பனார் பேசாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவ்வீட்டில் எது மாறியது, எது மாறவில்லை என்று டீச்சரம்மாவுக்கே தெரியாது. ஆசிரியப் பணியில் பெரும்பகுதி அப்படித்தான் என்பது அவர் எண்ணம். விதைத்தவன் உறங்கினாலும் விதை தானாக முளைக்கிறது என்று ஆண்டவர் சொன்ன உவமை அவருக்கு மிகவும் பிடித்தமானது.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, துறவறமும் புகவில்லை. நாள்தோறும் காலைத் திருப்பலி, மாலையில் கெபியில் செபமாலை, சனிக்கிழமைகளில் மரியாயின் சேனையோடு வீடு சந்திப்பு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரது ஓய்வுக்காலம் நடந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அவரிடம் படித்த பெண்கள் சிலர் சுற்றூர்களில் அமைப்பாளர்களாகப் பணியேற்றிருந்தனர். அம்மையங்களுக்கு அழைப்பில்லாமலே சென்று, பானையைத் திறந்து பார்த்து, ருசி பார்த்து வருவார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊர் முழுவதும் பரப்பியவரும் அவரே. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலால் பல உயிர்களைக் காத்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கைவிரலால் எண்ணிக் காட்டுவார். உப்பு கூடினால் கெடுதல் என்று எச்சரிப்பார். ‘அன்பு இருந்தால் போதாது, அளவும் வேண்டும்’ என்பது அவர் வாக்கு.

நாம் அப்பங்கில் பொறுப்பேற்ற முதல் தவக்காலத்தில் நடந்ததை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். பிடியரிசி நம் பங்குகளில் நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம். ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து, வாரந்தோறும் கோயிலில் சேர்த்து, வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாக வறியோர்க்குக் கொடுப்பார்கள். அவ்வாண்டும் மூட்டை மூட்டையாக அரிசி சேர்ந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் எல்லாரும் மகிழ்ந்து பேசினர். டீச்சரம்மா எழுந்து, தாம் சனிக்கிழமைகளில் சந்தித்த வீடுகளைப் பற்றிச் சொன்னார். அரிசியை அளந்து எடுத்தபின் அதிலிருந்து ஒரு பிடி குறைந்தால், குறைகிற சோறு எவருடைய தட்டில் குறைகிறது என்று கேட்டார். அவையில் சற்று நேரம் பேச்சில்லை. ‘அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கம் போலத்தான் வைக்கிறாங்க. கடைசியா உக்கார்றவளுக்குத்தான் அந்தப் பிடி குறையுது. ஏழைக்குக் கொடுக்கிறது வீட்டுக்காரர் பேரால. கொடுக்கிறவ யாருன்னு அவளுக்கே தெரியாது. வயித்துல பிள்ளையோட இருக்கிறவளும் இதைத்தான் செய்யுதா’ என்றார்.

அடுத்த ஞாயிறு நாம் கோயிலில் அறிவித்தோம்: பிடியரிசியை வீட்டார் அனைவரும் கூடியிருக்கும்போது எடுக்க வேண்டும், தகப்பனார் தம் பங்கிலிருந்தும், வளர்ந்த பிள்ளைகள் தத்தம் பங்கிலிருந்தும் விட்டுக்கொடுத்ததே காணிக்கை. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்பதையும் விளக்கினோம். பதினெட்டு வயது நிரம்பியதிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரை உள்ளோர்க்கே திருச்சபைச் சட்டம் ஒருசந்தியைக் கடமையாக்குகிறது. உடல்நிலை இடம் கொடாதவர்களை அது வற்புறுத்துவதில்லை. அவ்வாண்டு சேர்ந்த அரிசி முந்திய வாரங்களைவிடக் குறைந்தது. சபையாரில் சிலருக்கு வருத்தம். ஏழைகளின் பங்கு குறைந்துவிட்டதே என்றார்கள். ஏழைகள் என்று நாம் எண்ணியவர்களின் பட்டியலில் நம் வீட்டு அடுப்படியில் இருப்பவரைச் சேர்க்க மறந்திருந்தோமா என்ற கேள்வி பங்கு முழுவதும் பேசப்பட்டது. எசாயா இறைவாக்கினர் ஆண்டவருக்கு உகந்த நோன்பைப் பற்றி 58ஆம் அதிகாரத்தில் கூறும்போது, பசித்தோரோடு உணவைப் பகிர்வதைச் சொல்லி, அதே மூச்சில் சொந்த இரத்த உறவைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடலாகாது என்பதையும் சொல்கிறார். அவ்விரண்டாம் பகுதியையும் சேர்த்தே அத்தவக்காலத்தில் தியானித்தோம்.

அந்தோணியார் திருவிழா அசனத்திலும் இப்பேச்சு எழுந்தது. அசனம் என்பது தென்மாவட்டத்து வாசகர்களுக்குப் புதிதன்று. நேர்ச்சையாக வந்த அரிசியையும் காய்கறியையும் கொண்டு பெரிய கிடாரங்களில் சமைத்து, வருவோர் அனைவர்க்கும் சாதி சமய வேறுபாடின்றி இலை போடும் விருந்து அது. முதல் நாள் இரவிலிருந்து காய் நறுக்கி, தேங்காய் துருவி, பாத்திரம் தேய்க்கும் பெண்கள் மாலை நான்கு மணிக்குமேல் மிச்சத்தை உண்டு வீடு திரும்புவது வழக்கமாயிருந்தது. அவர்களுக்கு முதல் பந்தி போட வேண்டும் என்று டீச்சரம்மா கேட்டார். நேர்ச்சை விருந்தில் விருந்தினருக்கு முன் சமைத்தவர் உண்பது முறையா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். டீச்சரம்மா நம் பக்கம் திரும்பி, ‘சாமி, பூசையில நீங்க முதல்ல உண்டுட்டுத்தானே எங்களுக்குக் கொடுக்கிறீங்க?’ என்று கேட்டார்.

அக்கேள்வி எளிமையானது, ஆனால் நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. திருப்பலியில் குரு முதலில் நற்கருணை உட்கொண்டு, அதன்பின் மக்களுக்கு வழங்குகிறார். அவருக்கு அங்கே உயர்ந்த இடம் உண்டு என்பதற்காக மட்டும் இம்முறை ஏற்படவில்லை. தாம் பெற்றுக்கொள்ளாத ஒன்றை எவரும் பிறருக்குக் கொடுக்க இயலாது. பந்தி பரிமாறுகிறவரும் அதே பந்தியைச் சேர்ந்தவர். இதைக் கேட்ட பெரியவர்கள் சிரித்துக்கொண்டே இசைந்தார்கள். அவ்வாண்டு முதல் பந்தியில் சமையற்பெண்கள் நாற்பது பேர் அமர்ந்தனர். பங்குப் பேரவையினர் பரிமாறினர். பொதுப் பந்தி தொடங்க அரைமணி நேரம் தாமதமாயிற்று. அதனால் எவரும் பட்டினி கிடக்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். சிலுவையை முன்னிறுத்தும் நம் மறையில், தன்னை மறுத்தல் புண்ணியமன்றோ? தாய்மார் தம் பசியை மறந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் குறை சொல்லலாமா? இதே வினாவைப் பங்கின் ஓர் அம்மையார் டீச்சரம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். ‘நான் அன்பால செய்யுறதை நீங்க தராசுல போட்டு நிறுக்கிறீங்க. கடைசியா உண்கிறதுல எனக்கு ஒரு சந்தோசம் இருக்கு. அதையும் பறிக்கணுமா?’ என்றார். டீச்சரம்மா கடுமையான நாவுடையவர், எதிர்வாதத்துக்குத் தயங்காதவர். அன்று மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். மறுநாள் அவ்வம்மையாரின் வீட்டுக்குச் சென்று, ‘உன் சந்தோசத்தை நான் பறிக்கலை தாயி. கடைசியா உண்ணு, ஆனா உனக்குள்ளதை முதல்லயே எடுத்து மூடி வச்சிட்டு உண்ணு’ என்று சொல்லி வந்தார். பின்னர் அவ்வீட்டில் மூடிய கிண்ணம் ஒன்று அடுப்பு மேடையில் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அவ்விடையில் நல்ல இறையியல் இருக்கிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமாகவே அதைக் கையளிப்பதாக ஆண்டவர் யோவான் நற்செய்தியில் கூறுகிறார். கொடுப்பவர் அறிந்து, விரும்பிக் கொடுக்கும்போதுதான் அது பலியாகிறது. ஒருவருக்கு உரியதை மற்றவர் கேளாமலே எடுத்துக்கொண்டு, இழந்தவரைப் புண்ணியவதி என்று புகழ்வது பலியின் பாற்படாது. நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் நல்ல இல்லத்தரசியின் உழைப்பை விரிவாகப் புகழ்ந்தபின், அவள் கைகளின் பயனில் அவளுக்கும் பங்கு கொடுக்கும்படி கட்டளையிட்டு முடிகிறது. புகழ்ச்சியை மட்டும் வாசித்துவிட்டுக் கட்டளையை விட்டுவிடுதல் ஆகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிப்பிடுகிறது. அத்திருச்சபையிலும் ஒரு பந்தி உண்டு. அங்கேயும் ஒருவர் விடுபட்டால் அது குறையுள்ள பந்தியே.

இது பழங்கதை என்று வாசகர்கள் கருத வேண்டாம். பஞ்சம் பரவிய நாள்கள் போய்விட்டன. நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆயினும் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. தமிழகத்தில் இது நூற்றுக்கு 53. குடற்புழு, மாதவிடாய், அடுத்தடுத்த பேறுகாலம், கீரையும் பயறும் இல்லாத வெறுஞ்சோறு எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் பானை நிறைந்த வீடுகளிலும் இந்நோய் இருக்கிறது என்றால், பானைக்கும் தட்டுக்கும் இடையே நடப்பதையும் நாம் பார்த்தாக வேண்டும். டீச்சரம்மாவின் குறிப்பேட்டுக்கு இன்றும் வேலை இருக்கிறது. அவர் கற்பித்த பள்ளியில் இப்போது மனையியல் பாடம் இல்லை. இருந்த காலத்திலும் அது ஆண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை. ‘உண்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்காம ஆக்குறவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?’ என்பார். அதனால் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்களைப் பிடித்து உட்காரவைத்து, கட்டம் போட்ட தாளைக் கொடுத்து எழுதச் சொல்வார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. சாப்பிட அழைத்த வீட்டில், வீட்டு அம்மா உடன் அமராவிட்டால் கையை நனைக்க மாட்டார். அதனால் சில வீட்டார் வெட்கமுற்றனர். சிலர் அழைப்பதையே நிறுத்திக்கொண்டனர். மறையுரை நீண்டுபோனால், ‘சாமி, உலை கொதிக்குது’ என்று வாசலில் நின்று சொல்லிவிடுவார். இக்கண்டிப்பு இல்லாமல் அவர் தம் பணியைச் செய்திருக்க முடியுமா என்பது நமக்கு ஐயமே. உபதேசியார் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் எழுந்த கேள்வி எண்பது ஆண்டுகளாக ஆறாமல் இருந்தது. அதை அவர் கசப்பாக மாற்றிக்கொள்ளாமல் பாடமாக மாற்றிக்கொண்டார். இது அருளின் செயல் என்றே நாம் நம்புகிறோம்.

கடைசி ஆறு மாதங்கள் படுக்கையில் கழிந்தன. அவரிடம் படித்த ஒரு பெண்மணி, தாமும் கைம்பெண்ணாய்த் தனித்திருந்தவர், உடனிருந்து கவனித்தார். ஒவ்வொரு வேளையும் கரண்டி உதட்டருகே வரும்போது, ‘நீ உண்டியா?’ என்பார். உண்ணவில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார். ஆகவே ஆசிரியையும் மாணவியும் இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உண்டார்கள். நோயில்பூசுதல் கொடுத்து, இறுதி நற்கருணை வழங்க நாம் சென்ற காலையில் அவருக்குப் பேச்சு குறைந்திருந்தது. இறப்போர்க்குத் திருச்சபை கடைசியாகக் கொடுப்பது உணவுதான். வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றைப் போல, ஆண்டவரின் உடலையே கொடுத்து அனுப்புகிறது. அப்பத்தை நாம் எடுத்தபோது டீச்சரம்மா கையை உயர்த்தி, கட்டில் ஓரமாக நின்ற அப்பெண்மணியைச் சுட்டிக்காட்டினார். பல நாள்களாகக் கோயிலுக்கு வர இயலாமல் இருந்தவர் அவர். முழந்தாளிட்டு அவரும் நற்கருணை பெற்றார். அதைப் பார்த்தபின்பே டீச்சரம்மா வாயைத் திறந்தார். இரண்டு நாள் கழித்து இறைவனில் துயில்கொண்டார்.

அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று மாணவியர் கேட்டார்கள். கல்லில் பெயர் பொறிப்பதைவிட வேறொன்று பொருத்தமாயிருக்கும் என்று பங்குப் பேரவை கருதியது. ஆண்டுதோறும் தவக்காலத்தின் முதல் வாரம் பங்கிலுள்ள எல்லா அன்பியங்களுக்கும் கட்டம் போட்ட தாள் கொடுக்கப்படுகிறது. வீட்டில் யார் என்ன உண்டார்கள் என்று ஒரு வாரம் எழுத வேண்டும். எழுத வேண்டியவர் வீட்டின் தலைவர். மனைவியோ மகளோ எழுதித் தரக்கூடாது. தாளைத் திருப்பித் தரத் தேவையில்லை. எழுதியவர் வாசித்துவிட்டுச் செபித்தால் போதும்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் பங்குகளிலும் இதைச் செய்துபார்க்கலாம். தாள் வேண்டியதில்லை, இன்று இரவு உணவின்போது உங்கள் வீட்டில் அனைவரும் ஒருங்கே அமர இயலுமா என்று பாருங்கள். இயலாத வீடுகளில், சமைத்தவருக்கு உரியதை முதலில் எடுத்து மூடிவைத்துவிட்டு உணவுக்கு முன்னுள்ள செபத்தைத் தொடங்குங்கள். வரும் தவக்காலத்தில் பிடியரிசி எடுக்கும்போது தகப்பன்மாரும் உலையருகே வந்து நில்லுங்கள். உங்கள் கையால், உங்கள் பங்கிலிருந்து அந்தப் பிடியை அள்ளி வையுங்கள்.